விளையும் பயிர் முளையிலே தெரியுமா?

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்தார்கள். குழந்தை மூன்று வயதில் பந்தைக் குறி பார்த்து எறிந்துவிட்டால் போதும், "இது பெரிய ஆட்டக்காரியா வரும் பாருங்க" என்று சொல்ல வீட்டில் நாலு பேர் இருப்பார்கள். பத்து வயதில் பள்ளிக்கூடத்தில் ஒரு கோப்பை வாங்கி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கோப்பை ஷோகேஸில் ஏறும். பேச்சு தெரு முழுக்கப் பரவும்.

அதன் பிறகு என்ன ஆகிறது? இதை மட்டும் யாரும் சொல்வதில்லை. முளையாய்த் தெரிந்த அந்தக் குழந்தை, உலகத்து ஆட்டக்காரர்கள் எல்லோரும் நம்ம ஊருக்கே வந்து ஆடும்போது, அவர்கள் எதிரே எப்படி நிற்கிறது? ஜெயிக்கிறதா, தோற்கிறதா? தோற்றால் அதோடு சரியா?

டென்னிஸ் பற்றி எனக்குப் புத்தக ஞானம் கிடையாது. ஆனால் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி நுங்கம்பாக்கத்தில் இறங்கினால், நடக்கிற தூரத்தில் அந்தப் பெரிய ஆடுகளம் இருக்கிறது. சேலையூரிலிருந்து போய் வருவது பெரிய காரியமில்லை. போகாத வருஷங்களில் டி.வி. இருக்கவே இருக்கிறது. இத்தனை வருஷம் பார்த்ததையும், படித்ததையும் வைத்து, வளர்கிற பிள்ளைகளை வைத்திருக்கும் சகோதரிகளுக்குச் சில விஷயங்கள் சொல்லத் தோன்றுகிறது. உங்கள் வீட்டுக் குழந்தை ஆடுவது டென்னிஸாக இல்லாமல் இறகுப் பந்தாகவோ, நீச்சலாகவோ இருந்தாலும் இது பொருந்தும்.

பந்தியில் ஓர் இலை

சென்னை நுங்கம்பாக்கம் ஆடுகளத்தில் ஆண்களுக்கான சர்வதேசப் பந்தயம் 1997 முதல் 2017 வரை ஆண்டுதோறும் நடந்தது. ஜனவரி முதல் வாரம் என்றால் சென்னை ஓபன் என்று ஆகியிருந்தது. 1998ல் பாட்ரிக் ராஃப்டர், 2004லும் 2005லும் கார்லோஸ் மோயா, பிறகு நான்கு முறை ஸ்டான் வாவ்ரிங்கா என்று பட்டம் வென்றவர்கள் எல்லாம் பெரிய பெரிய ஆட்கள். 2004ல் ரஃபேல் நடால் என்கிற 17 வயதுப் பையன் இங்கே வந்து இரட்டையர் பட்டம் வாங்கிப் போனான். 2018ல் அந்தப் பந்தயம் புனேக்குப் போய்விட்டது. பெண்களுக்கான சென்னை ஓபன் 2022 செப்டம்பரில் நடந்தது. பிறகு 2025 அக்டோபர் கடைசியில் நடந்தது.

இப்படிப்பட்ட பந்தயத்தில் நினைத்தவர்கள் எல்லோரும் ஆட முடியாது. உலகத் தரவரிசையில் முன்னால் இருப்பவர்களுக்குத்தான் இடம். அப்படியானால் நம்ம ஊர்ப் பிள்ளைக்கு எப்படி இடம் கிடைக்கிறது? அதற்குத்தான் 'வைல்டு கார்டு' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கல்யாணப் பந்தியில் எல்லா இலைக்கும் ஆள் வந்துவிட்டாலும், வீட்டுக்காரர் இரண்டு மூன்று இலையைத் தம் மனிதர்களுக்கென்று பிடித்து வைப்பார், இல்லையா? அது போலத்தான். பந்தயம் நடத்துகிறவர்கள் சில இடங்களை ஒதுக்கி, வளர்ந்து வரும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். உட்கார இடம் கிடைக்கும். சாப்பிடுவது அவரவர் சாமர்த்தியம்!

இன்னொரு கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றையர் பிரிவில் 32 பேர் ஆடுகிறார்கள் என்றால், முதல் சுற்று முடிந்ததும் 16 பேர் பெட்டியைக் கட்டியாக வேண்டும். யார் எவ்வளவு நன்றாக ஆடினாலும் சரி, இந்தக் கணக்கு மாறாது. பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி வகுப்பு மொத்தமும் பாஸாகிற சமாச்சாரம் இல்லை இது. கடைசி நாளில் தோற்காமல் நிற்பவர் ஒருவர், ஒரே ஒருவர்தான். அதனால் 'முதல் சுற்றில் தோல்வி' என்று பேப்பரில் படித்ததும், 'சரக்கு அவ்வளவுதான்' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இதற்குப் பெரிய சாட்சி நம் பக்கத்து ஊர் ஹைதராபாத்தில் இருக்கிறது.

சானியாவின் மூன்று வருஷம்

சானியா மிர்சாவை எல்லோருக்கும் தெரியும். 2003ல் விம்பிள்டனில் சிறுமியர் இரட்டையர் பட்டம் வென்றவர். அதே 2003ல் சொந்த ஊரான ஹைதராபாத்தில் நடந்த சர்வதேசப் பந்தயத்தில் அவருக்கு வைல்டு கார்டு கிடைத்தது. வயது 16. முதல் சுற்றிலேயே ஆஸ்திரேலியாவின் ஈவி டோமினிகோவிச்சிடம் தோற்றார்.

2004ல் மறுபடி அதே ஊர், அதே பந்தயம். ஒற்றையரில் மறுபடியும் முதல் சுற்றில் தோல்வி. ஆனால் இந்த முறை லீசல் ஹ்யூபருடன் சேர்ந்து இரட்டையர் பட்டத்தை வென்றார். 2005 பிப்ரவரியில் மூன்றாவது தடவை வந்தார். இறுதி ஆட்டத்தில் உக்ரைனின் அல்யோனா பொண்டரென்கோவை 6-4, 5-7, 6-3 என்று ஜெயித்தார். அந்தத் தரத்திலான பந்தயத்தில் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் என்ற பெயர் வந்தது. அப்போது அவருக்கு 18 வயது.

இந்த மூன்று வருஷத்தைக் கொஞ்சம் நம் வீட்டு நிலைமையில் வைத்துப் பாருங்கள். முதல் வருஷம் பெண் தோற்றதும் சொந்தக்காரர்கள் ஆறுதல் சொல்லியிருப்பார்கள். இரண்டாம் வருஷமும் தோற்றதும், "போதும், படிப்பைப் பார்க்கச் சொல்லுங்க" என்று சொல்லியிருப்பார்கள். பெரும்பாலான வீடுகளில் அந்த இரண்டாம் வருஷத்தோடு ராக்கெட் பரண் மேல் போய்விடும். மூன்றாவது வருஷம் என்று ஒன்று வரவே வராது.

சொந்த ஊரில் ஆடுவதில் சௌகரியம் உண்டு. வீட்டுச் சாப்பாடு, பழகிய வெயில், கை தட்ட ஆள். அதே சமயம் கஷ்டமும் உண்டு. அத்தை, மாமா, பள்ளிக்கூட டீச்சர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். வெளியூரில் தோற்றால் யாருக்கும் தெரியாது. இங்கே தோற்றால் மறுநாள் பால் வாங்கப் போகிற இடத்தில் கேட்பார்கள். பதினாறு வயதுக் குழந்தைக்கு அது எவ்வளவு பெரிய பாரம்!

இருபத்துமூன்றில் விளைந்த பயிர்

நம்ம சென்னைக்கு வருவோம். 2009 ஜனவரியில் சோம்தேவ் தேவ்வர்மன் நடத்திய கூத்தை நினைவிருக்கிறதா? உலகத் தரவரிசையில் 202ஆம் இடத்தில் இருந்த பிள்ளை. வைல்டு கார்டில் உள்ளே வந்து, ஏற்கெனவே இங்கே இரண்டு முறை பட்டம் வென்ற கார்லோஸ் மோயாவை வீழ்த்தினார். காலிறுதியில் ஆறரை அடிக்கு மேல் உயரமுள்ள இவோ கார்லோவிச்சையும் வென்றார். அரை இறுதியில் எதிராளி ஆட வராமல் விலகிக்கொள்ள, இறுதி ஆட்டத்துக்கே போய்விட்டார். அங்கே குரோஷியாவின் மரின் சிலிச்சிடம் 4-6, 6-7 என்று தோற்றார். ஆனாலும் அந்த வாரம் டி.வி. முன்னால் உட்கார்ந்த எங்கள் வீட்டில் குழம்பு தீய்ந்தது கூட யாருக்கும் தெரியவில்லை.

கவனியுங்கள், சோம்தேவ் அப்போது சிறு பையன் இல்லை. 23 வயது. சென்னையில் படித்து வளர்ந்து, பிறகு அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 2007லும் 2008லும் அங்கே கல்லூரிகளுக்கிடையேயான தேசியப் பட்டத்தை வென்று, படிப்பையும் முடித்துக்கொண்டு வந்தவர். அவசரப்படாமல் வந்ததால் கெட்டுப் போகவில்லை. 2010ல் டில்லி காமன்வெல்த் விளையாட்டில் ஒற்றையர் தங்கம், அதே வருஷம் குவாங்சௌ ஆசிய விளையாட்டில் ஒற்றையர், இரட்டையர் என்று இரண்டு தங்கம்.

ஐந்து வருஷம் கழித்து, 2014 சென்னை ஓபனில் ஒரு வேடிக்கை. சென்னைப் பையன் ராம்குமார் ராமநாதன், 19 வயது, ஆட வந்தார். முதல் சுற்றில் எதிரே நின்றவர் அதே சோம்தேவ்! சின்னவர் பெரியவரை ஜெயித்துவிட்டார். அடுத்த சுற்றில் ஸ்பெயின்காரர் கிரானோயர்ஸிடம் தோற்றார். 'அடுத்த நட்சத்திரம்' என்று எல்லோரும் கொண்டாடினார்கள். நட்சத்திரம் உடனே உச்சிக்கு ஏறிவிடவில்லை. 2018ல் அமெரிக்காவின் நியூபோர்ட் பந்தயத்தில் இறுதி வரை போனார். 2022ல் ரோகன் போபண்ணாவுடன் சேர்ந்து அடிலெய்டிலும், சென்னையிலிருந்து போன அதே பந்தயத்தில் புனேயிலும் இரட்டையர் பட்டம் வாங்கினார். முளை தெரிந்து எட்டு வருஷம்!

அதே 2014 பந்தயத்தில் காலிறுதி வரை போன இன்னொருவர் யூகி பாம்ப்ரி. 2009ல் ஆஸ்திரேலிய ஓபன் ஜூனியர் பட்டம் வென்ற டில்லிப் பையன். உலகத்து ஜூனியர்களில் முதல் இடத்தில் இருந்தவர். அவர் ஆண்களுக்கான தரவரிசையில் 83ஆம் இடத்தைத் தொட 2018 ஆயிற்று. நடுவில் முழங்காலும் முழங்கையும் எத்தனை தொல்லை கொடுத்தன தெரியுமா? பிறகு இரட்டையர் பக்கம் திரும்பி, 2025ல் அமெரிக்க ஓபன் இரட்டையர் அரை இறுதி வரை போனார்.

இப்படிப் பார்க்கப் போனால் ஜூனியர் பட்டம் வென்ற எல்லோருக்கும் ஒரே வழி கிடையாது. 1954ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை வென்ற ராமநாதன் கிருஷ்ணன், பெரியவர்கள் பிரிவில் 1960லும் 1961லும் அரை இறுதி ஆடினார். அவர் மகன் ரமேஷ் 1979ல் அதே ஜூனியர் பட்டத்தை வென்று, 1986ல் விம்பிள்டன் காலிறுதிக்குப் போனார். 1990ல் ஜூனியர் பட்டம் வென்ற லியாண்டர் பயஸ், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஒற்றையரில் வெண்கலம் வாங்கியதோடு, இரட்டையர் ஆட்டத்தில்தான் பேர் வாங்கினார். முளை எல்லாவற்றிலும் ஒன்று போல்தான் இருந்தது. விளைந்தது வேறு வேறு.

பதினேழும் இருபத்துமூன்றும்

பெண்கள் சென்னை ஓபன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த விஷயம் இன்னும் நன்றாக விளங்கும்.

2022ல் பட்டம் வென்றது செக் நாட்டைச் சேர்ந்த லிண்டா ஃப்ருவிர்டோவா. வயது 17! நம் வீடுகளில் பிளஸ் டூ டியூஷனுக்கு ஓடுகிற வயது. இறுதியில் போலந்தின் மாக்டா லினெட்டிடம் முதல் செட்டை இழந்து, அடுத்த இரண்டையும் வென்றார். மறு வருஷம் ஆஸ்திரேலிய ஓபனில் நாலாவது சுற்று வரை போனார். உலகத் தரவரிசையில் 50க்குள் வந்தார். அப்புறம் சறுக்கி, 100க்கும் கீழே இறங்கினார். பதினேழில் பட்டம் வாங்கினாலும் பாதை நேராகப் போகும் என்று உத்தரவாதம் இல்லை என்பதற்காகச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கிறது.

2025ல் பட்டம் வென்றது இந்தோனேசியாவின் ஜானிஸ் ஜென். வயது 23. பதினேழில் அவரை யாருக்கும் தெரியாது. அமெரிக்காவில் கல்லூரிக்குப் போய், கல்லூரி அணிக்கு ஆடி, படித்து முடித்து 2024ல்தான் முழுநேர ஆட்டத்துக்கு வந்தார். அடுத்த வருஷமே நுங்கம்பாக்கத்தில் கோப்பை!

இந்த இரண்டு பேரும் கோப்பை வாங்கியது ஒரே ஊரில்தான். ஆறு வயது முன்னே பின்னே. எந்த வயதில் வரவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

நம் நாட்டுப் பெண்கள்? 2022ல் வைல்டு கார்டில் ஆடிய கர்மன் கவுர் தண்டி, முதல் செட்டை இழந்தும் பிரான்சின் க்ளோயி பாக்கேயை முதல் சுற்றில் ஜெயித்தார். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. அடுத்து கனடாவின் யூஜினி புஷாரிடம் தோற்றார். அந்த புஷார் யார்? 2012ல் விம்பிள்டன் சிறுமியர் பட்டம், 2014ல் பெரியவர்கள் பிரிவில் விம்பிள்டன் இறுதி என்று போனவர். பிறகு தோளில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, மறுபடி முதலிலிருந்து ஏணி ஏற ஆரம்பித்து, அப்படித்தான் சென்னைக்கு வந்திருந்தார்.

2025 பிப்ரவரியில் மும்பையில் நடந்த பெண்கள் பந்தயத்தில் நம் கோயம்புத்தூர்ப் பெண் மாயா ராஜேஸ்வரன் ரேவதி எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தார். வயது 15. தகுதிச் சுற்றில் ஜெயித்து உள்ளே வந்து, அங்கிருந்து அரை இறுதி வரை போனார். அரை இறுதியில் அவரை வென்ற சுவிட்சர்லாந்தின் ஜில் டைக்மன்தான் கடைசியில் பட்டமும் வென்றார். இந்தப் பெண்ணுக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உபகாரம், 'எப்போ விம்பிள்டன், எப்போ விம்பிள்டன்' என்று நச்சரிக்காமல் இருப்பதுதான்.

"கறுத்துப் போயிடுவா"

2025 போட்டி முடிந்த சில நாட்களில், எங்கள் தெருவில் இருக்கும் ஒரு தாய் என்னிடம் வந்து உட்கார்ந்தாள். பெண் எட்டாவது படிக்கிறாள். வாரத்தில் ஐந்து நாள் விடியற்காலை டென்னிஸ். மாவட்ட அளவில் இரண்டு தடவை முதல் சுற்றில் தோற்றுவிட்டாள்.

"அக்கா, நிறுத்திடலாமான்னு இருக்கு. ஒன்பதாவது வரப்போவுது. அவ பாட்டி வேற, வெயில்ல ஆடி ஆடி கறுத்துப் போயிட்டா, நாளைக்கு யாரு கட்டிக்குவான்னு தினம் புலம்புறாங்க. அவரும் செலவைக் கணக்குப் போட ஆரம்பிச்சுட்டாரு" என்றாள்.

"அவ என்ன சொல்றா?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவளை யாருமே கேக்கல அக்கா" என்றாள்.

இதுதான் சகோதரிகளே, நம் வீடுகளில் நடப்பது. பையன் தோற்றால் 'அடுத்த தடவை பார்க்கலாம்'. பெண் தோற்றால் 'இத்தோடு போதும்'. பெண் பெரியவளானதும் ஆட்டத்தை நிறுத்திவிடும் வழக்கம் எத்தனை வீட்டில் இன்னும் இருக்கிறது!

செலவு என்பது பொய்யில்லை. டென்னிஸ் பணம் கேட்கிற ஆட்டம்தான். ஷூ ஆறு மாதத்தில் தேய்ந்துவிடும். ராக்கெட் நரம்பு அறுந்துகொண்டே இருக்கும். வெளியூர்ப் பந்தயத்துக்கு இரண்டு பேர் போக வர வேண்டும். நாட்டின் முதல் ஒற்றையர் ஆட்டக்காரராக இருந்த சுமித் நாகல், 2023ல் தம் வங்கிக் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னார். அடுத்த பிப்ரவரியில் நம் நுங்கம்பாக்கத்தில் சேலஞ்சர் பட்டத்தை வென்றுதான் முதல் 100 பேருக்குள் வந்தார். அதனால் கடன் வாங்கி, நகையை வைத்து, குழந்தையைப் 'பந்தயக் குதிரை' ஆக்க வேண்டாம். நம் கைக்கு எட்டுகிற அளவில் ஆடட்டும். ஆடுவதற்கும் தொழிலாய் ஆடுவதற்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது.

அந்த வீட்டில் அப்புறம் பெண்ணையும் உட்கார வைத்துப் பேசினார்கள். ஐந்து நாளை மூன்று நாளாக்கி, ஒன்பதாவதிலும் ஆடட்டும் என்று முடிவாயிற்று. பாட்டிக்கு இன்னும் மனசில்லை. ஆனால் காலையில் பாலைக் காய்ச்சி வைப்பது அந்தப் பாட்டிதான்!

மேகி அமிர்தராஜ் அவர்களை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. சென்னையில் சொந்தமாகத் தொழில் நடத்திக்கொண்டே ஆனந்த், விஜய், அசோக் என்று மூன்று பிள்ளைகளையும் டென்னிஸில் வளர்த்த தாய். நடுப்பிள்ளை விஜய் சிறு வயதில் அடிக்கடி உடம்புக்கு முடியாமல் படுத்தவர். அந்தப் பிள்ளைதான் 1973லும் 1981லும் விம்பிள்டன் காலிறுதி ஆடியது. 2024ல் அமெரிக்காவில் உள்ள சர்வதேச டென்னிஸ் புகழ் மண்டபத்தில் இடம் பிடித்தது. தம் பிள்ளைகளோடு நிற்காமல், 1985ல் அந்தக் குடும்பம் சென்னையில் தொடங்கிய பயிற்சிப் பள்ளியில் ஊரார் பிள்ளைகளையும் வளர்த்தார்கள். லியாண்டர் பயஸ் அங்கே வளர்ந்தவர்தான்.

உடம்பு முதலில், கோப்பை பிறகு

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் பார்த்த உதாரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஜெனிஃபர் கேப்ரியாட்டி 1990ல், 14 வயது நிறையும் முன்பே தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். 1992 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். அடுத்த வருஷமே மனம் சலித்து ஆட்டத்தை விட்டு விலகினார். மீண்டு வந்து ஆஸ்திரேலிய, பிரெஞ்சுப் பட்டங்களை வெல்ல 2001 ஆயிற்று. இதையெல்லாம் பார்த்துத்தான் பெண்கள் டென்னிஸ் சங்கம் வயது விதியைக் கடுமையாக்கியது. 14 வயது நிறையாதவர்கள் தொழில்முறைப் பந்தயங்களில் ஆடக் கூடாது. 18 ஆகும் வரை வருஷத்துக்கு இத்தனை பந்தயம்தான் என்று வரம்பு வைத்தார்கள். சங்கமே வரம்பு வைக்கும்போது, வீட்டில் நாமும் வைக்க வேண்டாமா? தாய்மார் கவனிக்கச் சில விஷயங்கள்:

வாரத்தில் குழந்தை ஒரே ஆட்டத்தைப் பயிற்சி செய்யும் மணிகள் அதன் வயதைத் தாண்டக் கூடாது என்று விளையாட்டு மருத்துவர்கள் சொல்கிறார்கள். 12 வயதென்றால் வாரத்துக்கு 12 மணிக்குள். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு. வருஷத்தில் மொத்தம் மூன்று மாதமாவது, ஒரேயடியாக இல்லாமல் மாதம் மாதமாகப் பிரித்து, அந்த ஆட்டத்துக்கு லீவு. அந்த நாட்களில் நீந்தட்டும், சைக்கிள் ஓட்டட்டும், நொண்டி ஆடட்டும்.

வளர்கிற பிள்ளைக்குத் தோளிலோ, மணிக்கட்டிலோ, முதுகிலோ ஒரே இடத்தில் வலி தொடர்ந்தால், தைலம் தேய்த்து மறுநாள் ஆட அனுப்பக் கூடாது. எலும்பு வளரும் வயது. ஆட்டத்தை நிறுத்தி டாக்டரிடம் காட்டுங்கள்.

பெண் குழந்தைகளுக்கு ரத்த சோகை இருக்கிறதா என்று பாருங்கள். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 59 பேருக்கு ரத்த சோகை. மூச்சு வாங்குகிறது, சீக்கிரம் சோர்ந்து போகிறாள் என்றால், 'சோம்பேறி' என்று திட்டுமுன் ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, கொண்டைக்கடலை, சாப்பிடுகிற வீடானால் முட்டை, ஈரல். கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காபி, டீ கொடுக்க வேண்டாம். அது இரும்புச் சத்தைச் சேர விடாது.

மாதவிலக்கு நாட்களில் ஆடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். உடம்பு இடம் கொடுத்தால் தாராளமாக ஆடலாம். வெள்ளை உடையைப் பற்றிப் பெண்கள் படும் கவலையைப் புரிந்துகொண்டு, 2023 முதல் விம்பிள்டனிலேயே பெண்கள் உள்ளே அடர் நிறத்தில் அரை டிராயர் அணியலாம் என்று விதியைத் தளர்த்திவிட்டார்கள். நம் ஊரில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆனால் கடுமையாகப் பயிற்சி செய்யும் பெண்ணுக்கு மூன்று மாதம் தொடர்ந்து மாதவிலக்கு வராமல் போனால் அலட்சியம் செய்யாதீர்கள். ஆடுகிற ஆட்டத்துக்குச் சாப்பாடு போதவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். டாக்டரைப் பார்க்க வேண்டும்.

நம்ம ஊர் வெயிலில் தாகம் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். உப்புப் போட்ட நீர்மோர் ஒரு பாட்டில், தண்ணீர் ஒரு பாட்டில் கையில் கொடுத்து அனுப்புங்கள். வெயில் ஏறுமுன் பயிற்சி முடியட்டும். இரவில் குறைந்தது எட்டு மணி நேரத் தூக்கம். விடியற்காலை ஐந்துக்கு எழுப்ப வேண்டுமானால் ஒன்பதுக்கு விளக்கை அணைக்க வேண்டும். டி.வி. சீரியலை நாமும்தான் தியாகம் செய்ய வேண்டும், வேறு வழியில்லை.

தோற்று வருகிற நாளில்

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. குழந்தை ஆடிவிட்டு வந்ததும் நாம் கேட்கிற முதல் கேள்வி, "ஜெயிச்சியா?" இதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். முதலில் முகம் கழுவட்டும், சாப்பிடட்டும். வரும் வழியிலேயே ஸ்கூட்டரில் வைத்து, "அந்தப் பந்தை ஏன் விட்டே?" என்று அப்பா ஆரம்பித்தால், கண்ணால் ஜாடை காட்டி நிறுத்துங்கள். மறுநாள் அவளாகவே சொல்வாள். சொல்லும்போது, எங்கே தோற்றாள் என்று கேட்பதை விட, போன தடவை முடியாதது எது இந்தத் தடவை முடிந்தது என்று கேளுங்கள். நாலு கேம் எடுத்தவள் இப்போது எட்டு கேம் எடுத்திருப்பாள். அது தோல்விக் கணக்கில் வராது.

தோற்ற பிள்ளையை அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். ஒரு வருஷம் முந்திப் பூத்த மரத்தைக் காட்டி இன்னொரு மரத்தைத் திட்டுவதுண்டா?

பாட்டி சொன்னது பொய்யில்லை. முளையிலே பயிர் தெரியத்தான் செய்கிறது. ஆனால் முளை விட்டதும் யாரும் அரிவாளை எடுத்துக்கொண்டு வயலில் இறங்குவதில்லை. தண்ணீர் பாய்ச்சி, களை எடுத்து, ஒரு மழை தப்பினால் அடுத்த மழைக்குக் காத்திருப்பார்கள். அப்படிக் காத்திருந்தும் சில பயிர் கதிர் விடாமல் போகலாம். அதனால் என்ன? தினமும் ஓடி ஆடிய உடம்பும், தோற்றால் அழுது முடித்து மறுபடி எழுகிற மனசும் அவளுக்கு மிச்சம். நாளைக்கு அவள் எந்த வீட்டில் இருந்தாலும், எந்த வேலைக்குப் போனாலும், அது கூடவே வரும்.

அடுத்த முறை நுங்கம்பாக்கத்தில் பந்தயம் நடக்கும்போது, முடிந்தால் முதல் நாளே பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். இறுதி ஆட்டத்துக்கு எல்லோரும் போவார்கள். முதல் நாள் ஆட்டத்தில்தான் வைல்டு கார்டில் வந்த நம்ம வீட்டுப் பெண் ஆடுவாள். ஜெயித்தாலும் தோற்றாலும், அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போகும்போது எழுந்து நின்று கை தட்டிவிட்டு வாருங்கள்.